வெறுங்கையோடு ஏறிய மலை

சென்னையில் என் வைத்தியர், ரத்த அழுத்தம் பார்க்க என் கையில் சுற்றியிருந்த ரப்பர் பட்டையைக் கழற்றிவிட்டு, "மருந்தெல்லாம் பிறகு பார்க்கலாம். தினம் ஐந்து மைல் நடங்கள். கையை வீசி நடங்கள். ஒன்றையும் தூக்காதீர்கள்" என்றார். நடக்க அங்கே கடற்கரை இருந்தது. ஆனால் அந்தச் சித்திரையில் கடலைப் பார்த்தால் யாருக்கும் காற்று ஞாபகம் வரவில்லை. குண்டு போட வரும் ஜப்பான்காரன் ஞாபகந்தான் வந்தது. அண்டா, குண்டா, தையல் மெஷின், கிளிக்கூண்டு சகிதம் பட்டணமே சென்ட்ரல் ஸ்டேஷனில் நின்றது. நாங்களும் நின்றோம்.

என் மனைவியின் தங்கை வீட்டாருக்குக் கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில், ஓர் ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். பின்கட்டுக் கதவைத் திறந்தால் மலை. காலையில் நீலம், பத்து மணிக்குப் பச்சை, உச்சி வேளையில் அது இருக்கிற இடத்தில் வெறும் வெயில் நிற்கும். சாயங்காலம் மறுபடி நீலமாகி, யாரும் பார்க்காத சமயத்தில் நாலடி கிட்ட வந்துவிடும். பத்திரிகைகளுக்கு வசன கவிதை எழுதிக் காலம் தள்ளுகிற நாற்பத்தேழு வயதுக்காரனுக்கு இது போதும். ஒரு மாதம் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் மலையைப் பற்றி எழுதினேன். வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தபோதுதான் வைத்தியர் ஞாபகம் வந்தார்.

முதல் பதினைந்து நாள் சமதரையில் நடந்தேன். ஊர் எல்லையில் ஒரு புளியமரம். அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். மூன்றாம் நாள் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"ஏனுங்க, மூணு நாளாப் பாக்கறன். என்னத்தத் தொலைச்சுப்போட்டீங்க? சொன்னா நானும் தேடுவன்ல?"

ஒன்றும் தொலைக்கவில்லை, உடம்புக்காக நடக்கிறேன் என்றேன். விறகுச் சுமையோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு நின்றாள்.

"நடந்தா உடம்பு வருமுங்களா? அப்ப நாங்கெல்லாம் எப்பவோ ஆனையாட்டம் ஆயிருக்கோணுமே!"

சென்னைக் கடற்கரையில் ஆயிரம் பேர் சாப்பிட்டதைக் கரைப்பதற்காக நடப்பார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. இங்கே காரியமில்லாமல் நடப்பவன் விளக்கம் சொல்லியாக வேண்டும். அந்த விளக்கத்துக்குப் பயந்தே நான் ஆளில்லாத பக்கமாகத் திரும்பினேன். அந்தப் பக்கம் மலை இருந்தது.

சந்தை நாளில் மலைக்காரர்கள் இறங்குவார்கள். பலாப்பழம், மிளகு, வாழைத்தார், தேன். சாயங்காலம் உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அவர்கள் கெண்டைக்கால்கள் ஆற்றில் கிடக்கும் கல்லைப் போல இருக்கும். வெகுகாலமாக ஏதோ ஒன்று அவற்றின் மேல் ஓடி ஓடி இழைத்த மாதிரி. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது.

"மலை எங்கேயும் ஓடிவிடாது. நீங்கள்தான் உருண்டு வருவீர்கள்" என்றாள் என் மனைவி.

கடைத்தெருவில் பலசரக்கு விற்கும் செட்டியார் ஒரு புத்தி சொன்னார். "ஏறுங்க, எறங்குங்க, வேண்டாங்கல. மேல போயி ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சுப்போடாதீங்க. மலைத் தண்ணி குளிர்காய்ச்சல். எங்க பெரியப்பன் ஒரு வாய் குடிச்சாரு, ஒம்பது வருசம் நடுங்குனாரு."

முதல் தடவை கால்வாசி ஏறினேன். இரண்டாம் தடவை பாதி. இரண்டு தடவையும் சந்தை நாளாகப் பார்த்துப் போனதால் வழியெல்லாம் சுமைகள், கேள்விகள், சிரிப்பு. மூன்றாம் தடவை சந்தையில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தேன். அது ஆனி மாதம். கான்வாஸ் ஜோடு, மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் ஒரு பென்சில். வைத்தியர் சொன்னபடி இரண்டு கையும் காலி.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பினேன். கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. தாத்தன், பேரன் என்று கால்கள் தேய்த்த ஒரு தடந்தான் ரோடு. அடிவாரத்தில் முள். அப்புறம் மூங்கில், அதற்குள் நுழைந்தால் காற்று வேறு பாஷை பேசுகிறது. அதற்கும் மேலே பாறைகளின் இடுக்கில் தண்ணீர் எங்கோ ஓடுவது கேட்கும், கண்ணில் படாது. பாதி வழிக்குமேல் மூச்சு என்னுடையதாக இல்லை. யாரோ ஒருவன் என் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டே வருவதாக நினைத்து இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

உச்சியில் வெயில் இருந்தது, சூடு இல்லை. திண்ணனூர் நாடு என்ற மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூர் கண்ணில் பட்டது. பதினொரு வீடுகள், எல்லாம் புல் வேய்ந்தவை. சுற்றிலும் பலாமரங்கள், அப்பால் உழுது போட்ட செம்மண் சரிவுகள். சாமை விதைக்கும் சமயம். ஜனங்கள் அங்கங்கே சரிவில் குனிந்திருந்தார்கள். என்னால் முடிந்தது என்ற சந்தோஷத்தில் கடைசி இருநூறு கஜத்தை ஏறக்குறைய ஓட்டமாகக் கடந்தேன்.

முதல் வீட்டு வாசலில் முப்பது, முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உலக்கை பாதி உயரத்தில் நின்றது. என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. என் கைகளைப் பார்த்தாள். உலக்கையைச் சாத்திவிட்டு உள்ளே ஓடி ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்க சாமி. மொதல்ல குடிங்க."

செட்டியாரின் பெரியப்பா ஞாபகம் வந்தார். பேச மூச்சில்லை. வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, முழங்கால்களில் கையை ஊன்றித் தலையைத் தொங்கப்போட்டேன்.

குடுக்கை கீழே விழுந்து உருண்டது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எழுத என் பாஷையில் எழுத்தில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவள் மண்ணில் இருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. சரிவிலிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். வந்த பெண்கள் ஒருவரையொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமலே அழத் தொடங்கினார்கள்.

நான் செய்தது இவ்வளவுதான்: மலை ஏறினேன், தண்ணீர் வேண்டாமென்றேன்.

கறுப்புக் கம்பளியைத் தோளில் போட்ட ஒருவர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். அவர்தான் ஊர்க்கவுண்டர், அந்தப் பதினொரு வீட்டுக்கும் நல்லது கெட்டது சொல்பவர். "எப்பங்க போச்சு உசுரு?" என்று கேட்டார்.

"யார் உயிர்?"

"அரப்பளி உசுருதானுங்க. அதச் சொல்லத்தான வந்தீங்க?"

அரப்பளி யாரென்றே எனக்குத் தெரியாது என்றேன். உடம்புக்காக நடக்கிறேன் என்றேன். பட்டணத்து வைத்தியர் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "மறைக்காதீங்க சாமி. நாங்க தாங்கிக்குவோம்" என்றார். எவ்வளவுக்கெவ்வளவு இல்லை என்றேனோ அவ்வளவுக்கவ்வளவு அங்கே அழுகை கூடியது.

கொஞ்சங் கொஞ்சமாக விஷயம் தெரிந்தது. அழுகிறவள் பாவாயி. அவள் புருஷன் அரப்பளி ஆறு நாளைக்கு முன்னால் பலாமரத்திலிருந்து விழுந்து தொடையை முறித்துக்கொண்டான். நாலு பேர் கம்பளித் தூளி கட்டி அவனை மலையிறக்கி, ராசிபுரம் போகும் வழியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடத்தும் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்தார்கள். பாவாயியின் தம்பி சடையன் கூட இருக்கிறான். பிழைப்பது ஒரு வாரம் போனால்தான் தெரியும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து பாவாயி தடத்தைப் பார்த்த வாசலில்தான் எல்லா வேலையும் செய்கிறாள்.

"நீங்க பட்டணம். உங்களுக்குத் தெரியாது" என்றார் கவுண்டர். "கீழ்நாட்டாளு இங்க ஏறுனா கையில ஏதாச்சும் இருக்குமுங்க. வசூலுக்கு வாரவருன்னா பின்னால கணக்குக் கட்டத் தூக்கிட்டு ஒரு ஆளு. யாவாரின்னா முதுவுல மூட்டை. கையில ஒண்ணுமில்லாம, தனியா, வேகு வேகுன்னு, சந்தையில்லாத நாள்ல வாரவன் ஒருத்தன்தான். எழவு சொல்ல வாரவன். சேதியச் சொல்ற வரைக்கும் அந்தூர்த் தண்ணி அவன் நாக்குல படக்கூடாது. நீங்க ஒண்ணுகூட விடாமச் செஞ்சுபோட்டீங்க."

அந்த நேரத்தில் பாவாயியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மழைக்கு முன்னம் ஊடு வேஞ்ச மவராசா, மழை வாரதப் பாக்காமப் போனியே... எட்டு மலை ஏத்தம் எனக்கு உப்புச் செமந்த தோளே, இப்ப ஆரு தோளு மேல போற..."

என் கை சட்டைப் பையிலிருந்த பென்சிலுக்குப் போனதைக் கவனித்தேன். கையை வெறுமையாகவே வெளியே எடுத்துக்கொண்டேன்.

அவள் புருஷன் இறந்ததாக எனக்குத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஓர் அம்மாள், "தெரியாதுன்னுதான் சொல்றாரு. இருக்கான்னு சொல்லலியே" என்றாள். அது வாஸ்தவம். எனக்கு அதுவும் தெரியாது.

கவுண்டர் நாலைந்து ஆண்களோடு பலாமர நிழலில் கலந்து பேசினார். பிறகு என்னிடம் வந்தார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அழுகை ஊருக்குள் யாரால் வந்ததோ அவரால்தான் வெளியே போக வேண்டும். வேறு யார் போய்விட்டு வந்து சொன்னாலும் ஆறுதலுக்காகச் சொன்னது என்றுதான் ஆகும். அதுவரை பதினொரு வீட்டிலும் அடுப்பு எரியாது. விதை கூடையிலேயே இருக்கும்.

"நாளைக்குப் பொழுது போறதுக்குள்ள வந்துருங்க. சும்மா நல்லாருக்கான்னு சொன்னா எடுபடாது. அவன் வாய்ப்பேச்சு வேணும். கேட்டா இவ, ‘ஆமா, இது அந்தாளு பேச்சு’ன்னு சொல்லோணும்."

"நான் வராவிட்டால்?"

"அப்ப இந்த அழுகை நெசந்தானுங்க. நாளானைக்குக் காலையில அவளுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுபோடுவாங்க." தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். தாலி.

இறங்கும்போது கால்கள் தாமாகவே ஓடின. ஏற்றத்தில் கடன் வாங்கிய மூச்சையெல்லாம் இறக்கம் திருப்பிக் கொடுத்தது. மூங்கில் காட்டில் நின்று யோசித்தேன். எனக்கும் இதற்கும் என்ன? ஒருவரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. பேளுக்குறிச்சியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டால் அவர்கள் தேடி வரப்போவதில்லை. இப்படி யோசிக்க முடிந்ததே என்று கொஞ்சம் ஆச்சரியமாகவும் இருந்தது. ஆனால் மேலே ஒருத்தி சாகாத புருஷனுக்கு அழுதுகொண்டிருந்தாள். அல்லது செத்த புருஷனுக்குச் சரியான நாளிலேயே அழுதுகொண்டிருந்தாள். எது என்று தெரியாமல் என்னால் சோறு தின்ன முடியாது.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் மனைவி கால் கழுவ வெந்நீர் வைத்தாள். "அவளுக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "மலையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்" என்றாள்.

மறுநாள் காலை புளிச்சோற்றை வாழையிலையில் கட்டிக் கையில் கொடுத்தாள். "பிடித்துக்கொண்டே போங்கள். வழியில் இன்னொரு வீட்டையும் அழவைக்காதீர்கள்."

யுத்தத்தில் பெட்ரோல் போய்க் கரி பஸ் வந்திருந்த காலம். பஸ்ஸின் முதுகில் ஒரு கொதிகலன், அதில் கரி போட்டு, கிளீனர் ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுற்றுவான், மனசிருந்தால் கிளம்பும். அன்று மனசு வர முக்கால் மணியாயிற்று. முதல் மேட்டிலேயே கண்டக்டர் இறங்கி, "ஆம்பளையெல்லாம் எறங்குங்க!" என்று கூவினார். தள்ளினோம். இரண்டாம் மேட்டில், "பொம்பளையும் எறங்குங்க, டிரைவர் மட்டும் ஒக்காரட்டும்" என்றார். என் பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளிய வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர், "டிக்கெட்டு வாங்குனது நாம. சவாரி போறது பஸ்ஸு" என்றார். சென்னையில் டிராம் நின்றால் ஜனங்கள் திட்டுவார்கள். இங்கே பஸ்ஸின் பின்புறத்தைத் தட்டிக்கொடுக்கிறார்கள், மாட்டைப் போல.

ஆஸ்பத்திரி இரண்டு கட்டு ஓட்டுக் கட்டிடம். பினாயில் வாசனை. மலைக்காரர் அரப்பளி என்று கேட்டதும் ஒரு நர்ஸ் உள்ளே கையைக் காட்டினாள். அவள் காட்டிய இடத்தில் கட்டில் இல்லை. சுவரோரம் ஒரு மெத்தை மட்டும் சுருட்டி வைத்திருந்தது. அதன் மேல் ஒரு கம்பளி, மடித்தது.

அந்த மெத்தையை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. மலையில் நான் சொல்லப் போகிற வாக்கியத்தை மனசில் எழுதத் தொடங்கிவிட்டேன் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது. இரண்டு வார்த்தை எழுதி, ஒன்றை அடித்தேன்.

"அங்க என்னங்க பாக்கறீங்க? ஆளு வெராந்தாவுல கெடக்குது" என்றது ஒரு குரல். இருபத்தைந்து வயது இளைஞன், கையில் கஞ்சிப் பாத்திரம். சடையன்.

அரப்பளியைக் கட்டிலோடு தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். உள்ளே நாற்றம் தாங்கவில்லை என்று இரண்டு நாள் கத்தியிருக்கிறான். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே மலை தெரிந்தது, சாம்பல் நிறத்தில். அவனுடைய ஒரு காலைப் பலகை வைத்துக் கட்டி, கயிற்றில் செங்கல்லைத் தொங்கவிட்டு இழுத்திருந்தது. நாற்பது வயதிருக்கும். முகம் வற்றிப்போயிருந்தது, கண்ணில் கோபம் குறையவில்லை. அந்தக் கோபத்தைப் பார்த்ததும் எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். சடையன் தலையில் அடித்துக்கொண்டான். அரப்பளி அசையாமல் கேட்டான். கடைசியில், "அழுதாளுங்களா?" என்றான்.

"அழுதாள்."

"மனசோட அழுதாளா, ஊருக்கு அழுதாளா?"

"உன் வீடு வேய்ந்ததைச் சொல்லி அழுதாள். எட்டு மலை ஏற்றம் உப்புச் சுமந்ததைச் சொன்னாள்."

அவன் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "ஊடு வேஞ்சதச் சொன்னாளா?" என்று மறுபடி கேட்டான். "மவராசான்னு சொன்னாளா?" ஆமாம் என்றேன். "வேஞ்சு முடிச்சுப்போட்டு எறங்கறன், மூலையில ஒழுவுதுங்கறா. ஒரு வார்த்தை நல்லாருக்குதுன்னு சொல்லல. பதினாறு வருசமுங்க." பிறகு தன் மச்சினனைப் பார்த்து, "கேட்டியாடா?" என்றான்.

"கேட்டன் மாமா. செத்தா இன்னுஞ் சொல்லுவா" என்றான் சடையன்.

நீயே என்னோடு வந்து சொல்லிவிடேன் என்று சடையனைக் கேட்டேன். "நான் சொன்னா அக்கா நம்பாதுங்க. நான் பொய் சொல்லுவன்னு அதுக்கு நல்லாத் தெரியும்" என்றான்.

அவள் நம்பும்படியாக ஒரு பேச்சு வேண்டும் என்று அரப்பளியிடம் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. ஏழு நாளாக நாக்கின் நுனியில் வைத்திருந்ததைப் போலச் சொன்னான்.

"காயின்னு சொல்லுங்க."

"காயா?"

"அந்தப் பலா காயி. நான் அன்னைக்கே காயின்னன். அவ வாசம் வருது, பழந்தான், ஏறுங்கறா. இன்னும் நாலு நாளாவட்டும்ங்கறன். ஆம்பளைக்குப் பயமாருக்குதாங்கறா. ஏறுனன். காம்ப அறுக்கறப்பவே தெரிஞ்சு போச்சு, பால் அப்படி ஒழுவுது. அதச் சொல்லலாம்னு கீழ குனிஞ்சன் பாருங்க, அப்பத்தான் உழுந்தன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அரப்பளி சொன்னான், அது காயின்னு சொல்லுங்க. வேற ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்."

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கரி நனைந்தது. கிளீனர் சக்கரத்தைச் சுற்றச் சுற்றப் புகை மட்டும் வந்தது. பேளுக்குறிச்சிக்கு இன்னும் ஆறு மைல். கண்டக்டர், "ஒரு மணி நேரம் பொறுங்க, காயட்டும்" என்றார். வானத்தைப் பார்த்தேன். பொழுது எங்கே இருக்கிறதென்று மேகம் சொல்லவில்லை. இறங்கி நடந்தேன். கொடிக்கால்காரர் ஜன்னல் வழியாக, "ஏனுங்க, அத்தனை அவசரமா என்ன காரியம்?" என்றார். முதல் தடவையாக அந்த ஊரில் என்னிடம் ஒரு பதில் இருந்தது. நின்று சொல்ல நேரமில்லை.

ஆறு மைல், பிறகு மலை. புளிச்சோற்றை நடந்துகொண்டே தின்றேன். தடமெல்லாம் தண்ணீர் ஓடியது. நான் ஏற, அது இறங்கியது. ஜோட்டைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கே கால்வாசி, எங்கே பாதி என்று அன்று பார்க்கவில்லை. ‘காய்’ என்ற ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு ஏறினேன். ஆயிரக்கணக்கான சொற்களை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்காகவும் இப்படி மூச்சு வாங்கியதில்லை. மூங்கில் காட்டில் வழுக்கி விழுந்து முழங்கையில் தோல் பெயர்ந்தது. எழுந்தபோது மேகம் மேற்கே கிழிந்து கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. இன்னும் நேரம் இருந்தது.

ஊர் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தது. ஒரு வீட்டுக் கூரையிலும் புகையில்லை. பிள்ளைகள் பச்சைச் சாமையை மென்றுகொண்டிருந்தார்கள். பாவாயி சுவரில் சாய்ந்திருந்தாள். குரல் போய்விட்டதால் அழுகை நின்றிருந்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். அவளுக்கு முன்னால் ஒரு முறத்தில் புதிய வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது.

தண்ணீர் கேட்டேன். ஒருத்தி குடுக்கையோடு ஓடி வந்தாள். செட்டியாரை மறந்து முழுவதையும் குடித்தேன். நான் குடித்து முடிக்கும்வரை ஒருவரும் மூச்சுவிடவில்லை.

"இருக்கிறான். பார்த்தேன்" என்றேன்.

கவுண்டர், "பேச்சு?" என்றார்.

நான் பாவாயிக்கு எதிரே உட்கார்ந்தேன். "அது காய் என்று சொல்லச் சொன்னான். அன்றைக்கே காய் என்று சொன்னானாம். காம்பை அறுக்கும்போது பால் ஒழுகியதாம். அதைச் சொல்லத்தான் குனிந்தானாம்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நாள் முழுவதும் அழுத கண், யாருடையது என்று தெரியாதபடி வீங்கியிருந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள்.

"காயின்னா சொன்னாரு?"

"ஆமாம்."

"வேறென்ன சொன்னாரு?"

"வேறொன்றும் சொல்ல வேண்டாமென்றான்."

அவள் இரண்டு கையாலும் தலைமுடியை வாரிப் பின்னால் கொண்டுபோய் முடிந்தாள். மெதுவாக, இறுக்கமாக முடிந்தாள். பிறகு முறத்தை ஒரு காலால் அப்புறம் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"பழம்" என்றாள்.

கரகரத்த அந்தக் குரலில் அது எல்லோருக்கும் கேட்டது. பக்கத்திலிருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி நல்லாயி, உழுந்து ஒடஞ்சத நீ திங்கல? காயாவா இருந்துச்சு? வாயத் தொறந்து சொல்லு."

"இனிச்சுதுக்கா" என்றாள் நல்லாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நீயி?" என்றாள் மறுபக்கத்தில் இருந்தவளிடம்.

"நல்லாத்தான் இருந்துச்சு பாவாயி. ஒரு ரெண்டு நாளு பொறுத்திருந்தா..."

"பொறுத்திருந்தா? ரெண்டு கை நெறைய வாங்கித் தின்னுபோட்டுப் பொறுத்திருந்தாங்கற? உன்ற வாயி அவுரு வாயோட சேந்த வாயி!" என்னிடம் திரும்பினாள். "போயிச் சொல்லுங்க சாமி. ஊரே தின்னுச்சு, ஊரே பழம்னு சொல்லுச்சுன்னு சொல்லுங்க. படுத்துக் கெடக்கறப்பக்கூட அந்தாளுக்குப் பேச்சப் பாரு."

கவுண்டர் கம்பளியை உதறித் தோளில் போட்டார். "அவன் பேச்சுத்தான்" என்றார். பதினொரு வீட்டிலும் ஜனங்கள் எழுந்தார்கள்.

பாவாயி குனிந்து வீட்டுக்குள் போனாள். ஊதுகுழலில் அவள் ஊதுவது இரண்டு தரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. மற்றக் கூரைகளில் எல்லாம் புகை கிளம்பிவிட்டது. அவள் கூரை மட்டும் சும்மா இருந்தது. நல்லாயி எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். கவுண்டர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"காம்புல பால் வந்தா அது காயிதானுங்களே" என்று என்னைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"எல்லாப் பலாவுக்கும் பால் வருமே" என்றேன், நானும் உரக்க.

"அதெப்படி!" என்றார் இன்னொருவர். அந்த வாசலில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் எங்களுக்குக் கேட்டுவிடாதபடி, காயா பழமா என்று நாங்கள் எல்லோரும் இரைந்து பேசிக்கொண்டே இருந்தோம்.